கை ஜிர்ரென்றால் கோளாறு எங்கே? கைமெஷின், எர்த், கெமிக்கல்: அறிகுறி வாரியாகப் பழுது தேடும் வழி

ஆம்பூர் ஷூ யூனிட், ராணிப்பேட்டை வெல்டிங் பட்டறை, காட்பாடியில் பாதி எழும்பி நிற்கும் வீடு, குடியாத்தம் மரப்பட்டறை. எங்கிருந்து வந்தாலும் புகார் ஒரே மாதிரிதான் வருகிறது: "லைட்டா ஜிர்ருங்குதுண்ணா, பாத்துக் குடுங்க." மெஷினைப் பிரித்தால் பல சமயம் உள்ளே ஒரு குறையும் இருக்காது. கோளாறு பிளக் சொருகிய சுவரிலோ, எர்த் குழியிலோ, வேலை செய்யும் அறையின் காற்றிலோ உட்கார்ந்திருக்கும்.

அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பு, மெஷின் பிடித்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கையை எடுத்ததும் ஜிர்ரென்பது நின்றுவிடுகிறதா, இல்லை வீட்டுக்குப் போன பிறகும் இருக்கிறதா? உடனே நின்றால் அது கரன்ட். நிற்கவில்லை என்றால் மெஷினைப் பழுது பார்த்துப் பயனில்லை. நேராக "கையை எடுத்த பிறகும் மரமரப்பு" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

எதைச் சோதிப்பதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது. நம் ஊர் பிளக் பாக்ஸ்களில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது சகஜம். அப்படி இருந்தால் சுவிட்ச் வெட்டுவது நியூட்ரலைத்தான், மெஷினுக்குள் 230 வோல்ட் அப்படியே நிற்கும். மெயின் போர்டைத் திறக்கும் வேலை எல்லாம் லைசென்ஸ் உள்ள வயர்மேனுக்கு உரியது.

ஒரு மெஷினில் மட்டும் ஜிர்ரென்கிறது

மெஷினின் பெயர்த் தகட்டைப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் மெஷின். அதற்கு எர்த் கிடையாது, கேபிளிலும் இரண்டு ஒயர்தான் வரும். "பாதுகாப்புக்கு" என்று அதன் கியர் பாக்ஸ் ஸ்க்ரூவில் எர்த் ஒயர் கட்டாதீர்கள். அந்த மெஷினில் ஜிர்ரென்றால் உள்ளே அழுக்கு ஏறியிருக்கிறது என்று பொருள். ஆங்கிள் கிரைண்டர் தன் விசிறியாலேயே இரும்புத் தூளை உள்ளே இழுக்கும். கார்பன் பிரஷ் தேய்ந்த கரித்தூளும் அதோடு சேரும். இரண்டும் கரன்ட் கடத்தும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள். பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

அந்தக் குறி இல்லாமல் மூன்று பின் பிளக் வந்தால், எர்த்தை நம்பி வாழும் மெஷின் அது. மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் பெரிய பின்னிலும் மறு முனையைப் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வையுங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். கேபிளை வளைத்து ஆட்டிக்கொண்டே பாருங்கள். மெஷினுக்குள் நுழையும் இடத்தில்தான் ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். எர்த் பின்னை மற்ற இரண்டையும் விட நீளமாகச் செய்திருப்பது, சொருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. இரண்டு பின் பாக்ஸில் நுழையவில்லை என்று அதை வெட்டி எறிந்த மெஷின்களை இன்றும் பார்க்கிறேன். வெட்டியவர் வேறு, ஷாக் வாங்குகிறவர் வேறு.

எந்த மெஷினைத் தொட்டாலும் அடிக்கிறது

டிரில்லிலும் ஷாக், பஃபிங் மெஷினிலும் ஷாக், ஃபிரிட்ஜைத் தொட்டாலும் ஷாக். எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போகாது. ஏதோ ஒரு மெஷினில் கசிவு இருக்கிறது. அதை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் குழி செத்துப்போயிருக்கிறது. போக வழியில்லாத கரன்ட் எர்த்தின் பச்சை ஒயர் வழியாக மற்ற எல்லா மெஷின் உடம்புக்கும் பரவுகிறது. ஷாக் அடிப்பது டிரில்லாக இருக்கும், குற்றவாளி மூலையில் ஓடும் பழைய கம்ப்ரஸராக இருக்கும்.

எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். பாக்ஸில் மீட்டர் வையுங்கள்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் அக்கம்பக்கம், பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். கடைசி அளவு பத்தைத் தாண்டினால் எர்த்தையோ நியூட்ரல் ஜாயின்ட்டையோ சந்தேகப்படலாம். பிறகு மெஷின்களை ஒவ்வொன்றாகச் சொருகி, ஒவ்வொரு முறையும் நியூட்ரல்–எர்த் வோல்ட்டைப் பாருங்கள். எதைச் சொருகும்போது அளவு எகிறுகிறதோ அதை ஒதுக்குங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீட்டர் 230 காட்டியதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். மல்டிமீட்டர் இழுக்கும் கரன்ட் அவ்வளவு சொற்பம்; நூல் போல ஒட்டிக்கொண்டிருக்கும் எர்த்தும் அதற்கு முழு வோல்ட்டைக் காட்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வாட் குண்டு பல்பு போட்டுப் பார்க்கும் பழைய முறையும் தொடர்பு இருக்கிறது என்பதைத்தான் சொல்லும், போதுமா என்பதைச் சொல்லாது. அதில் ஆபத்தும் உண்டு. எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் வயர்மேனைக் கூப்பிட்டு ஓம் அளக்கச் சொல்லுங்கள். ஐந்து ஓமுக்குள் வந்தால் மகிழ்ச்சி.

வேலூர் வட்டாரத்தில் அது எளிதில் வராது. மூன்றடி தோண்டினால் பல இடங்களில் பாறை. கத்திரி வெயிலில் மேல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், ஈரமில்லாத மண் கரன்ட் வாங்காது. மார்கழியில் நன்றாக இருந்த எர்த் மே மாதம் கைவிடுவது இதனால்தான். கரியும் உப்பும் போட்ட குழிக்கு மேலே புனல் வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. கோடையில் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றும்போதே கிளாம்ப்பையும் பாருங்கள். குழாயும் ஒயரும் சேரும் அந்த இடம்தான் முதலில் துருப்பிடித்து விடுபடும்; தோல் பதனிடும் உப்புத் தண்ணீர் ஓடும் இடங்களில் இன்னும் வேகமாக.

பாறை தட்டி ஆழம் போக முடியவில்லை என்றால், ஒரே குழியைக் குடைந்துகொண்டிருக்காமல் இரண்டு மூன்று குழி போட்டு ஒயரால் இணைக்கலாம். ஒன்றுக்கொன்று குறைந்தது ஒரு எர்த் குழாய் நீளமாவது தள்ளி இருக்க வேண்டும். பென்டோனைட் (ஈரம் பிடிக்கும் களிமண்) கலவை போட்டு நிரப்பினால் ஈரம் நிற்கும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டும் வேலை வேண்டாம். இப்போது எல்லாம் பி.வி.சி.; கசிவு மண்ணுக்குப் போகாமல், குழாயைத் திருப்பும் பெண்மணியின் கைக்குப் போகும்.

இவ்வளவு செய்தும் நாற்பது ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230ஐ 40ஆல் வகுத்தால் ஆறு ஆம்பியர்கூட இல்லை. பதினாறு ஆம்பியர் எம்.சி.பி.க்கு (ஓவர்லோடு வந்தால் தானாக விழுந்து கரன்ட்டை வெட்டும் சுவிட்ச்) அது சாதாரண லோடு, அசையாது. சி வகை எம்.சி.பி. கண நேரத்தில் விழ வேண்டுமானால் அதன் அளவைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் ஓட வேண்டும். அது ஓடாத வரைக்கும் மெஷின் உடம்பு ஷாக்கிலேயே நின்றுகொண்டிருக்கும். "எம்.சி.பி. போட்டிருக்கேனே" என்பவர்களுக்கு என் பதில் இந்தக் கணக்குதான். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்ற வந்தது, ஆளை அல்ல.

ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கசிவைக் கண்டதும் விழுந்து கரன்ட்டை வெட்டும் சுவிட்ச். அதே நாற்பது ஓம் குழியில் முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தால் மெஷின் உடம்பில் ஏறுவது 1.2 வோல்ட்தான், அதற்குள் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். நம் பாறை மண்ணுக்கு எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்தே வேண்டும். நூறு, முந்நூறு மில்லி ஆம்பியர் என்று எழுதியது மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அவை தீ விபத்துத் தடுப்புக்கானவை. எம்.சி.பி.யையும் எடுத்துவிடாதீர்கள், ஓவர்லோடை ஆர்.சி.சி.பி. பார்க்காது.

பாக்ஸுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டு "எர்த் ரெடி" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். மீட்டரும் அழகாக 230 காட்டும். கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் விடுபடும் நாளில் அந்த வீட்டில் மூன்று பின்னில் இருக்கும் ஒவ்வொரு இரும்பிலும் முழு பேஸ் ஏறும். அந்தத் துண்டு ஒயரைக் கண்டால் மெயினை அணைத்துவிட்டு வயர்மேனை வைத்து எடுத்துவிடுங்கள். கம்பத்துப் பக்கக் கோளாறுக்கு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

ஆர்.சி.சி.பி. நிற்கவே மாட்டேன் என்கிறது

எல்லாப் பிளக்கையும் பிடுங்கியும் விழுந்தால் கோளாறு சுவருக்குள். ஒரு மெஷினைச் சொருகியதும் விழுந்தால் அந்த மெஷினில். பத்து நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால் சூடேறியதும் மோட்டார் காயிலில் கசிகிறது, ரீவைண்டிங் பார்க்க வேண்டும். மார்பிள் கட்டரில் தண்ணீர் திறந்ததும் விழுந்தால், கிரானைட் சேறு மோட்டாருக்குள் போயிருக்கிறது. இரட்டை இன்சுலேஷன் குறி உலர்ந்த மெஷினுக்குத்தான் பொருந்தும், நனைந்ததற்கு இல்லை. தண்ணீர் வேண்டாம் என்று காய்ந்த நிலையில் வெட்டினாலோ கல்தூள் நுரையீரலுக்குள் போகும். அதனால் வரும் சிலிகோசிஸ் நுரையீரல் நோய்க்குத் திரும்பும் வழி கிடையாது. தண்ணீரும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும், கேபிள் ஜாயின்ட் தரையில் கிடக்கக் கூடாது.

"அடிக்கடி விழுது" என்று ஆர்.சி.சி.பி.யை நேரடியாக இணைத்துவிடுவது மட்டும் வேண்டாம். அது விழுவதுதான் உங்களுக்கு வரும் ஒரே எச்சரிக்கை.

கரன்ட் போன நேரத்தில் சின்ன ஜெனரேட்டரில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் நியூட்ரல் பெரும்பாலும் எதனுடனும் சேராமல் தனியாக நிற்கும். அந்த நிலையில் கசிவு திரும்பிப் போக வழி இல்லாததால் ஆர்.சி.சி.பி. விழாமல் இருக்கலாம். டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறதே என்று நம்ப வேண்டாம்; அந்தப் பட்டன் தனக்குள்ளேயே சோதித்துக்கொள்கிறது, வெளியே எர்த் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஜெனரேட்டருக்கு எர்த் இணைப்பு எப்படி என்பதை வயர்மேனிடம் ஒருமுறை முடிவு செய்துகொள்ளுங்கள்.

கையை எடுத்த பிறகும் மரமரப்பு

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு "வீட்டுக்குப் போனாலும் இருக்கு" என்று பதில் வந்தால் இங்கே பாருங்கள்.

மரமரப்பு விரல் நுனியில், குளிர்ந்த நேரத்தில் விரல் வெளுத்துப்போகிறது என்றால் அதிர்வுதான் காரணமாக இருக்கும். கிரைண்டரையும் கான்கிரீட் உடைக்கும் பிரேக்கரையும் வருடக்கணக்கில் பிடித்த கைகளுக்கு வருவது. பேலன்ஸ் கெட்ட வீலை மாற்றுவது, நடுவில் இடைவெளி விடுவது, ஆளை மாற்றுவது என்று போக வேண்டும்.

இரண்டு பாதத்திலும் ஆரம்பித்து, சாக்ஸ் போட்ட இடம் மட்டும் மரத்த மாதிரி இருந்து, பிறகு கைக்கு ஏறினால் அது வேறு கதை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூ ஒட்டும் வேலையில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒட்டுகிற சொல்யூஷன்களில் டொலுயீன், எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்), சிலவற்றில் ஹெக்சேன் இருக்கும். ஹெக்சேன் நரம்பைத் தின்னும். செருப்பு ஒட்டும் தொழிலாளர்களிடம் பல நாடுகளில் பதிவான நோய் இது. சொல்யூஷனை விட்ட பிறகும் சில மாதம் மோசமாகிக்கொண்டே போய்த்தான் மெல்லத் திரும்பும். அந்த ஆள் தோலைச் சொரசொரப்பாக்கும் ரஃபிங் மெஷினில் கைவைக்கும்போது "ஷாக் அடிக்குது" என்பார். மீட்டர் ஒன்றும் காட்டாது. "சும்மா சொல்றான்" என்று முதலாளி நினைப்பார். இருவர் சொல்வதும் அவரவர் அளவில் உண்மைதான். டப்பாவையோ அதன் லேபிளின் போட்டோவையோ எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கோ நரம்பு டாக்டரிடமோ போங்கள். "சொல்யூஷன் வேலை" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்குப் போதாது, பெயர் வேண்டும்.

தலை பாரம், கிறுகிறுப்பு, கண் எரிச்சல்

சாப்பாட்டு வேளையில் வெளியே போனதும் தெளிந்து, திரும்பி வந்த அரை மணியில் மறுபடி வந்தால் காற்றுதான் காரணம். தின்னர், சொல்யூஷன் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தரையாகப் படரும். கூரையில் சுற்றும் ஃபேன் அதைக் கலக்கிவிடுமே தவிர வெளியேற்றாது. தரை மட்டத்துக்குப் பக்கத்தில் எக்ஸாஸ்ட், எதிர்ச் சுவரில் காற்று நுழைய வழி, இரண்டும் வேண்டும். கர்ச்சீப்பும் என்95 முகமூடியும் தூசிக்குத்தான். ஆவிக்குக் கரி கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க். சாதாரண ரப்பர் கையுறை டொலுயீனில் ஊறி உப்பிவிடும்.

கைமெஷினில் பிரஷ் மோட்டார் ஓடும்போது உள்ளே பொறி பறந்துகொண்டேதான் இருக்கும். வெண்டிலேஷன் துளை வழியாக நீல வெளிச்சமே தெரியும். ஆவி தேங்கிய அறையில் அந்தப் பொறி ஒன்று போதும். டப்பா கொட்டிவிட்டால் ஓடிப்போய் லைட்டை அணைக்காதீர்கள், ஃபேனையும் போடாதீர்கள்; அந்தச் சுவிட்சும் பொறிதான். ஆட்களை வெளியேற்றி, வெளியே இருக்கும் மெயினை இறக்குங்கள்.

கரன்ட் போல் தொடராமல் "பட்"டென்று ஒரே ஒரு முறை சுட்டுவிட்டு நின்றால் அது ஸ்டேடிக், உராய்வில் சேரும் மின்சாரம். பஃபிங் தூசி இழுக்கும் பிளாஸ்டிக் குழாயிலும், டிரம்மிலிருந்து கேனுக்குத் தின்னர் ஊற்றும்போதும் வரும். ஆளைக் கொல்லாது, ஆவியைப் பற்றவைக்கும். ஊற்றுவதற்கு முன்பே டிரம்மையும் இரும்புக் கேனையும் ஒரு செம்பு ஒயரால் கிளிப் போட்டு இணைத்து, டிரம்மை எர்த்தில் கட்டுங்கள். பிளாஸ்டிக் கேனில் இந்த வித்தை பலிக்காது.

ராத்திரி குளிர் காய்ச்சல்

ஜி.ஐ. (ஜிங்க் பூசிய இரும்பு) குழாயை வெல்டிங் செய்தோ கட்டிங் வீலில் நாள் முழுக்க அறுத்தோ, இரவில் வாயில் உலோகச் சுவை, நடுக்கம், காய்ச்சல், காலையில் தெளிவு. துத்தநாகப் புகைக் காய்ச்சல். மலேரியா என்று மாத்திரை போட்டுக்கொண்டவர்கள் உண்டு. வெல்டிங் இடத்தில் ஜிங்க் பூச்சைத் தேய்த்து எடுத்து, காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி நின்றால் பெரும்பகுதி குறையும். ஒரு நாளில் தெளியாமல் மூச்சு திணறினால் அது வேறு புகை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழைய வீட்டுக் கதவில் சாண்டர் ஓட்டுகிறவர்கள் ஈயத்தை நினைவில் வையுங்கள்: பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017இல்தான். அதற்கு முந்தைய பூச்சை ஈரமாக்கித் தேயுங்கள்.

கை வெடித்தவருக்கு மட்டும் பலமாக அடிக்கிறது

ஒரே மெஷின், ஒருவருக்கு ஜிர், இன்னொருவருக்குச் சுள். காய்ந்த தோல் பல ஆயிரம் ஓம் தடுக்கும். ஈரமான, வெடித்த, புண்ணான தோலில் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். சிமெண்டிலும் குரோம் போட்டுப் பதனிட்ட ஆட்டு, மாட்டுத் தோலிலும் வேலை செய்கிறவர் கையில் வரும் அரிப்பும் வெடிப்பும் இந்த வழியைத் திறந்துவிடுகின்றன. தோல் குடோனில் உப்பு ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு மேலும் மோசம். இவர்தான் முதலில் புகார் சொல்வார். அவர் சொன்ன மெஷினை மற்றவர்கள் "ஒண்ணும் இல்லையே" என்று சொன்னாலும் நிறுத்திச் சோதியுங்கள். கைக்கு டாக்டரிடம் அனுப்புங்கள். குரோம் புண் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்.

தொட்டிக்குள் அழுகிய முட்டை நாற்றம், பிறகு நாற்றமே இல்லை

டேனரி (தோல் பதனிடும் ஆலை) தொட்டியில் பம்ப் இறக்கும்போதும் கழிவுத் தொட்டி சுத்தம் செய்யும்போதும். நாற்றம் நின்றது வாயு போனதால் அல்ல. ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பி.பி.எம். அளவைத் தாண்டும்போது மூக்கின் நுகரும் சக்தியே போய்விடும். உள்ளே யாரும் இறங்கக் கூடாது. விழுந்தவரைத் தூக்க இறங்கினால் இறங்கியவரும் விழுவார். அவர் விழுந்தது ஷாக்காலா வாயுவாலா என்று மேலிருந்து தெரியாது. பம்பின் மெயினை இறக்கி, 108க்கும் தீயணைப்புத் துறையின் 101க்கும் போன் செய்யுங்கள்.

ஆள் மெஷினோடு ஒட்டிக்கொண்டால்

பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் கை தானாக விரியாது. அவர் விடமாட்டார், விட முடியாது. தொடாதீர்கள். மெயினை இறக்குங்கள், முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளுங்கள். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்திக்கொண்டே இருங்கள், 108 வரும்வரை. தெளிந்து எழுந்து "ஒண்ணுமில்ல" என்றாலும், மயங்கியவருக்கும் நெஞ்சு படபடப்பவருக்கும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

மெஷினைத் திரும்பக் கொடுப்பதற்கு முன்

500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மெஷின் உடம்புக்கு எதிராக அளந்து, ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் கொடுக்காதீர்கள். சூடேறும்வரை ஓட்டிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி அளங்கள். குளிர்ந்தபோது தேறியது சூட்டில் தோற்பது உண்டு. மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள், மாற்றும்வரை அந்த லைனில் எதையும் ஓட்டாதீர்கள்.